எலிக்குச் சோறு போடாத வீடு

வீட்டில் எலி ஓடுவது தெரிந்ததும் பலரும் செய்வது, கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவது. அப்படிச் செய்யாதீர்கள். முதலில் குப்பை, அடுத்து ஓட்டை, அதன் பிறகு பொறி என்ற வரிசையில் வேலையைச் செய்யுங்கள். மருந்துக்கு வீட்டுக்குள் இடமே வேண்டாம். வரிசையை மாற்றிச் செய்தால், இன்று ஒன்று பிடித்த இடத்தில் அடுத்த வாரம் வேறொன்று நிற்கும். அதற்கான சோறு அங்கேயே இருக்கிறதே!

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுதான். பெண் எலி சினைபிடித்த மூன்று வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாமும் சினைபிடிக்கும். வாரத்துக்கு ஒன்று பிடித்து இந்தக் கணக்கை யாரும் ஜெயிக்க முடியாது. தின்னக் கிடைப்பதைக் குறைத்தால் ஈற்றும் குறையும், இருப்பவையும் இடம் தேடிப் போகும்.

காரைக்காலில் எப்போது தொடங்குவது?

புரட்டாசியில். காரைக்கால் வட்டாரத்தில் எலிகள் கூட்டமாக வீட்டுக்குள் ஏறுகிற காலம் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பும் வாய்க்கால் கரையும் ஊறி, வளைக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒன்று. தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு முடிந்து வயல் வெறும் தாளாக நிற்கும்போது இன்னொன்று. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வயலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்களில் எலிக்குப் பருவமே கிடையாது. அங்கே மீன் வாடை வருடம் முழுக்க இருக்கிறது. அதனால் மீன் கழிவுக்கு இந்த அத்தியாயத்தில் தனியாக ஒரு பகுதி.

வந்திருப்பது எது?

புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக, இரு முனையும் கூராக இருந்தால் வீட்டெலி. இது ஓட்டுக் கூரை, பரண், தென்னை என்று மேலேயே வாழும். அதைவிடப் பெரிதாக இருந்து, சாக்கடை ஓரத்திலோ கொல்லைச் சுவரடியிலோ மண்ணைக் குவித்துத் தள்ளிய வளையும் இருந்தால் பெருச்சாளி.

மூக்கு நீண்டு, கீச்சிட்டுக்கொண்டு, சுவரோரமாக ஓடி ஒருவித நாற்றத்தை விட்டுப் போவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்பது. அதைக் கொல்ல வேண்டாம், கதவிடுக்கை அடைத்தால் போதும்.

முதல் வேலை: குப்பை

1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் பரவியபோது, ஊரைவிட்டு லட்சக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். அதற்கு முன் அந்த ஊர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது, வெள்ளம் வடிந்த பிறகும் குப்பை அள்ளப்படாமல் கிடந்தது. நகரக் குப்பைக்கென்று நாடு முழுவதற்குமான விதிகள் அதன் பிறகு 2000-இல் வந்தன. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே மக்கும் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று பிரித்துத் தரச் சொன்னன. தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடுத்தன. பிரித்துவைப்பது நகராட்சிக்கு வசதி என்பதற்காக மட்டும் இல்லை. எலிக்கு வேண்டிய குப்பை மொத்தத்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்கைத் தனியே பிரித்து மூடிவிட்டால், மீதி எல்லாம் அதற்கு வெறும் காகிதமும் தகரமும்.

செய்முறை:

1. குப்பை வண்டி உங்கள் தெருவுக்கு எப்போது வருகிறது என்று ஓட்டி வருபவரிடமே கேளுங்கள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வருவீங்களா? தீபாவளிக்கு?" என்று விடுமுறை நாளையும் சேர்த்துக் கேளுங்கள். வண்டி வராத நாளில் வெளியே வைத்த பைதான் எலிக்கு விருந்து.

2. மக்கும் குப்பைக்கு மூடியுள்ள தகர டின் வையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னின் மேற்பக்கத்தை வெட்டி, விளிம்பை மடக்கி, தகர மூடி போட்டு, மேலே செங்கல் வைத்தால் போதும். பிளாஸ்டிக் வாளியை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

3. உலர் குப்பைக்கு ஒரு சாக்கு. இது தரையில் கிடக்கக் கூடாது. ஆணியில் மாட்டுங்கள்.

4. மின்கலம், உடைந்த பல்பு, காலாவதி மாத்திரை, ஊசி, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் அப்படியே சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். அள்ளுகிறவர்களின் கையைக் கிழிப்பது பெரும்பாலும் நாம் சொல்லாமல் போட்ட கண்ணாடிதான்.

5. பொழுது சாய்ந்த பிறகு குப்பை எதுவும் வெளியே போகக் கூடாது. இரவு டின் வீட்டுக்குள், அல்லது மூடிய நிலையில் திண்ணையில். காலையில் வண்டிச் சத்தம் கேட்டபின் வாசலுக்கு எடுத்து வாருங்கள்.

6. டின்னைக் காலி செய்ததும் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள். அடியில் ஒட்டிய சாம்பாரே ஓர் எலிக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

குப்பைத் தொட்டிக்கு வெளியே இருக்கும் சோற்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். இரவில் கொல்லைத் துவைகல்லடியில் போட்டுவைக்கும் எச்சில் பாத்திரம், நாய்க்கு வைத்த மீதி, கோழித் தீவனம், தென்னையடியில் எலி கொறித்துப் போட்ட இளங்காய், பத்தாயத்தடியில் சிந்திய நெல். பாத்திரத்தைத் தேய்க்க முடியாவிட்டாலும், எச்சிலை வழித்து, தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சனீஸ்வரன் கோயில் கொண்ட மண்ணில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். காலையில் வையுங்கள், மதியத்துக்குள் மீதியையும் இலையையும் எடுத்துவிடுங்கள். ஆனியில் மாங்கனித் திருவிழா நாட்களில் மாங்கொட்டையும் தோலும் வீட்டில் குவியும். கொட்டையைக் கத்தியால் பிளந்து உரப் பானையில் போட்டால் சீக்கிரம் மக்கும், முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும்.

எச்சரிக்கை: குப்பையைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்துப் பள்ளிகளை மூடும் நிலை வந்தது நினைவிருக்கும். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அருகருகே ஓடுகிற தெருக்களில் சாக்கடை அடைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் விரிசல் கண்ட குழாயைத் தேடிப் போகும். அடைத்த சாக்கடைதான் பெருச்சாளிக்குப் பிடித்த வீடும்.

மீன் கழிவு

செதில், குடல், இறால் தலை, நண்டு ஓடு. காரைக்கால் வீட்டுக் குப்பையில் எலியையும் பூனையையும் நாயையும் ஒன்றாக இழுப்பது இதுதான். குப்பை வண்டி வர இருபது மணி நேரம் இருக்கும்போது மீன் கழுவினால் அந்தக் கழிவை எங்கே வைப்பது?

எளிய வழி: மீன்காரரிடமே ஆய்ந்து வாங்குவது. முடியாதவர்களுக்கு இரண்டாவது வழி, கழிவைப் பழைய பால் கவரில் போட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை வண்டியில் கொடுப்பது. முகம் சுளிக்காதீர்கள், வாங்கிய மீனை வைத்த பெட்டிதான் அது.

மூன்றாவது வழி, தோட்டம் உள்ளவர்களுக்கு: மீன் அமிலம்.

1. மீன் கழிவை எடை போட்டு, அதே எடைக்கு வெல்லம் எடுத்துப் பொடியுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. வெல்லத்தைக் குறைத்தால் அழுகிப்போகும். பலர் தவறுவது இங்கேதான்.
2. கழிவைச் சிறிதாக நறுக்குங்கள். கழுவ வேண்டாம், தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது.
3. கண்ணாடி ஜாடியிலோ கனமான பிளாஸ்டிக் டப்பாவிலோ இரண்டையும் பிசைந்து போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும்.
4. மூடி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, உடனே இறுக்குங்கள். மறந்தால் டப்பா வெடிக்கும்.
5. மூன்று வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். தேன் நிறத்தில், பழ வாசனையோடு இருந்தால் தயார். முடைநாற்றம் இருந்தால் வெல்லம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து மூடுங்கள்.
6. வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கலந்து செடிகளுக்கு ஊற்றுங்கள். எஞ்சிய சக்கையைத் தோட்டத்தில் ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள்.

நண்டு ஓடும் இறால் தலையும் இதில் கரையாமல் நிற்கும். அவற்றை வெயிலில் காயவைத்து, தென்னை வேரடியில் ஆழப் புதைப்பது மேல். காயும்போது மேலே கம்பி வலை போட்டுவையுங்கள்.

உரப் பானை, எலி எட்டாமல்

காய்கறித் தோல், டீத்தூள், வாழை இலை, முட்டை ஓடு ஆகியவற்றுக்குப் பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை போதும். துளைகள் பென்சில் நுழையாத அளவில் இருக்கட்டும், அதைவிடப் பெரிதானால் சுண்டெலி உள்ளே போகும். அடியில் தென்னைநார்க் கழிவு ஒரு சாண் கனத்துக்கு. ஒவ்வொரு நாளும் போடும் குப்பைக்கு மேல் அதே அளவு காய்ந்த சருகோ நார்க் கழிவோ. வாரம் ஒரு தடவை புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்துக் கிளறுங்கள். பானை நிரம்பிய பின் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் உரம்.

சமைத்த சோறு, கறி, எண்ணெய்ப் பண்டம் பானைக்குள் வேண்டாம். எலி வருகிற உரப் பானை எல்லாவற்றிலும் சோறு இருக்கும். பானையைத் தரையில் வைக்காமல் மூன்று கல் மேல் தூக்கி வையுங்கள். மூடி மேல் பாரம் வேண்டும்.

உலர் குப்பையைக் காசாக்குவது

பால் கவர், எண்ணெய்க் கவர், தயிர் டப்பா எல்லாவற்றையும் கடைசியாகப் பாத்திரம் அலசிய தண்ணீரில் முக்கி, கொடியில் காயப்போட்ட பிறகே சாக்கில் போடுங்கள். கழுவாத கவரைப் பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்குவதில்லை, எலியோ விடுவதில்லை. பால் கவரின் மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் மாதக்கணக்கில் பரணில் அடுக்கக் கூடாது. எலி கூடு கட்டப் பஞ்சுபோலக் கிழிப்பது அவற்றைத்தான். மாதம் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

இரண்டாவது வேலை: ஓட்டை

குப்பை அடங்கி ஒரு வாரம் ஆனதும் இதைத் தொடங்கலாம். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும், கட்டைவிரல் நுழைந்தால் வீட்டெலியின் குட்டிக்குப் போதும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வழி.

1. முதலில் ஓட்டைகளில் கசக்கிய காகிதத்தைச் செருகுங்கள். மறுநாள் எது வெளியே கிடக்கிறதோ அதுதான் நடமாட்டமுள்ள வழி.
2. அந்த வழியைத் தவிர மற்றவற்றைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் சிமென்ட், தெர்மாகோல், மரத்தூள் பூச்சு எதுவும் நிற்காது.
3. நடமாட்டமுள்ள வழியை, உள்ளே எலி நடமாட்டம் அடங்கிய பிறகு, கடைசியாக அடையுங்கள். முன்னதாக அடைத்தால் உள்ளே மாட்டிய எலி பரணில் செத்து நாறும்.
4. கழிவுநீர்க் குழாய் வாய்க்கு எஃகுச் சல்லடை மூடி. கதவின் அடியில் தகடு.
5. ஓட்டு வீடுகளில் சுவரும் ஓடும் சேரும் இடத்தில் பென்சில் நுழையாத கண்ணுள்ள கம்பி வலை. உடைந்த ஓடுகளை மாற்ற மழைக்கு முன் ஆள் வைத்துவிடுங்கள். நனைந்த ஓட்டில் நீங்களாக ஏறாதீர்கள்.
6. கூரையைத் தொடும் தென்னை ஓலை, முருங்கைக் கிளை ஆகியவற்றைக் கழியுங்கள். தென்னை மரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் 40 செ.மீ. அகலத் தகட்டைக் கட்டினால் எலி ஏறாது. மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் தோப்பில் இது பலிக்காது, எலி மரம் விட்டு மரம் தாவிவிடும்.

முக்கியம்: அடுப்புக்கு வரும் எரிவாயுக் குழாயை இன்றே பாருங்கள். சாதாரண ரப்பர் குழாயை எலி கடிக்கும். உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள, முத்திரை பெற்ற குழாயாக மாற்றி, அதையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வாயு வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மூன்றாவது வேலை: பொறி

வீட்டுக்கு வில் பொறியே நல்லது, சட்டென்று முடிந்துவிடும். கூண்டில் பிடித்தால் உயிருள்ள எலியை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அடுத்த தெருவில் விடுவதோ, பக்கத்து வயலில் விடுவதோ நம் தொல்லையை இன்னொருவர் தலையில் கட்டுவது. பசை அட்டை வேண்டவே வேண்டாம். அதில் பல்லியும் குருவிக் குஞ்சும் ஒட்டிக்கொள்ளும், எலி மணிக்கணக்கில் துடிக்கும்.

1. வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் மூன்று இரவு, பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கள்.
2. தீனியாகச் சுட்ட கருவாட்டுத் துண்டு, வறுத்த தேங்காய்ச் சில், மசால்வடை எதுவும் சரி. வீட்டில் வேறு தீனி கிடைக்காதபோதுதான் இது வேலை செய்யும். குப்பையை முதலில் அடக்கச் சொன்னது இதற்காகவும்தான்.
3. பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரோரமாகவே நடக்கும், நடுக்கூடத்தில் வைத்த பொறி வீண்.
4. ஒரே ஒரு பொறி போதாது. ஐந்தாறு பொறிகளை நான்காம் இரவு ஒரே நேரத்தில் ஏற்றுங்கள்.
5. குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில், இருபக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டிக்குள் பொறியை வையுங்கள்.

செத்த எலியைத் தெருவில் எறிந்து வண்டி ஏறவிடும் பழக்கத்தை விடுங்கள். கையுறை போட்டு, கவரைக் கையில் மாட்டி எடுத்து, கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் தள்ளி இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதியுங்கள்.

புழுக்கையும் எலிக்காய்ச்சலும்

புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் வழித்தெடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அவசியம். கழிப்பறை ஆசிட்டை இதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். மழைநாளில் தேங்கிய நீரில் இறங்க வேண்டியிருந்தால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள், வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய், "மழைத் தண்ணியில நடந்தேன்" என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி. எலி கடித்தால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள்.

மருந்து ஏன் கூடாது?

பசைக் குழாயில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்து தமிழ்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார், அதன் பிறகு கல்லீரல் செயலிழக்கும். அதனால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பழைய குழாய் ஏதாவது பரணில் கிடந்தால் இன்றே அபாயக் குப்பையில் சேருங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள், 108-ஐ அழைத்து, மருந்தின் உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வெளியாளைக் கூப்பிடுவதிலும் கவனம் வேண்டும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சி ஒழிப்பு ஆட்கள் வீட்டுக்குள் எலிமருந்து வைத்துவிட்டுப் போன இரவில், குளிர்சாதனம் ஓடிய அறையில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். தின்னவே வேண்டியதில்லை, மூச்சில் போனாலே போதும் என்கிற மருந்துகளும் உண்டு.

கொல்லையில் வளை நிறைய இருந்தால், வயலில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கும் ஆட்களை விசாரியுங்கள். தஞ்சை, நாகைப் பக்கம் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மருந்தே இல்லாமல் செய்வார்கள். அப்படி யாரும் கிடைக்காமல் நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன் இவற்றை எழுதி வாங்குங்கள்: உரிம எண், வைக்கப்போகும் மருந்தின் பெயர், எந்தெந்த இடத்தில் எத்தனை வைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், மிச்சத்தை எப்போது வந்து எடுப்பார்கள். படுக்கையறையிலும் சமையலறையிலும் மருந்து வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.